பனிக்காரிக்கு ஒரு பூச்சு

"கையை ஆட்டாதம்மா," என்றேன்.

"கூசுதுடி. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

சாப்பாட்டு மேசையில் அம்மாவின் முன்கையை நீட்டி வைத்து, கடையிலிருந்து எடுத்து வந்த ஸ்கேனரை அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்ப்பது ஒரு பெயின்ட் கடையில். பழைய சுவரிலிருந்து பெயர்ந்த சில்லைக் கொண்டுவந்து "இதே கலர் வேணும்" என்று நிற்பவர்கள் உண்டு. சில்லின்மேல் இந்தக் கருவியை வைத்தால் போதும், எந்தச் சாயத்தில் எவ்வளவு விட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். சுவர், கதவு, ஒருமுறை ஒருவர் கழற்றிக் கொண்டுவந்த ஜன்னல் கொக்கி, எதையும் தடுமாறாமல் படித்திருக்கிறது. அம்மாவின் தோலில்தான் திணறியது. முன்கையில் ஒரு நிறம் சொன்னது. ஒரு விரல் தள்ளி வைத்தால் வேறொன்று. கடிகாரப் பட்டைக்கு அடியில் இன்னொன்று. உள்ளங்கையைக் காட்டியபோது, எங்கள் கடையில் சந்தனம் என்று விற்கும் டப்பாவின் பக்கமாகப் போய்விட்டது.

"முழங்கைப் பக்கம் போகாத. அது கரிச்சட்டி," என்றாள் அம்மா. பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டி, வெயிலே படாத மேல்கையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினாள். "எடுக்கிறதுன்னா இங்க எடு. இதுதான் என்னோட ஒரிஜினல் கலர்."

எனக்கு வேண்டியது கன்னம். கன்னத்தில் வைத்து எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. "மூஞ்சி வெயில்ல அடிபட்டதுடி," என்று முனகினாள். எதற்கு இதெல்லாம் என்று அவளிடம் பாதிதான் சொல்லியிருந்தேன். மீதியைச் சொல்லாமல் இனித் தப்ப முடியாது.

அருங்காட்சியகத்தின் உலக மக்கள் கூடத்தில் ஆளுயரத்துக்கு ஆறு பெண் உருவங்கள் பீடங்களின்மேல் நிற்கின்றன. மலைக்காரி, தீவுக்காரி, பாலைவனக்காரி, காட்டுக்காரி, சமவெளிக்காரி, பனிக்காரி. பலகையில் எழுதியிருப்பவை இதைவிட நீளமான, மரியாதையான பெயர்கள். இவை அங்கே துப்புரவு வேலை பார்த்த அம்மா வைத்தவை. ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு உடை. இப்படி இனம் இனமாக மனிதர்களைப் பொம்மை செய்து நிறுத்துவது இந்தக் காலத்துக்குச் சரிப்படாது என்று நிர்வாகத்துக்கு ஒருவழியாகத் தோன்றி, கூடத்தை மூடப்போகிறார்கள். மூடுவதற்கு முன் ஒரு கலைஞரை அழைத்து அங்கே ஏதாவது நிகழ்த்தச் சொல்லலாம் என்று முடிவாகி, விண்ணப்பித்தவர்களில் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நிகழ்த்துகலை என்பதை என் சொந்தக்காரர்கள் "அவ டிராமா போடுறா, ஆனா வசனம் கிடையாது" என்று புரிந்துவைத்திருக்கிறார்கள். பெரிய தப்பில்லை. வேலை நாளில் பெயின்ட் விற்கிறேன், விடுமுறை நாளில் யாரும் கேட்காத காரியங்களைப் பொது இடத்தில் செய்கிறேன். இந்த முறை செய்யப்போவது இதுதான்: ஒரு பகல் முழுக்க, ஒரு வார்த்தை பேசாமல், அந்த ஆறு முகங்களுக்கும் ஒரே நிறத்தைப் பூசுவது. அம்மாவின் நிறத்தை.

"ஆறு பேருக்குமா?"

"ஆறு பேருக்கும்தான்."

"பனிக்காரிக்கும்?"

"அவளுக்குக் கடைசியா."

அம்மா சுருட்டியிருந்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டாள். பொத்தானைப் போட்டாள். "மத்த அஞ்சு பேருக்கும் தாராளமா அடிச்சுக்கோ," என்றாள். "அவ மேல கை வைக்காத."

இதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அந்த ஆறு பேரின் முகமும் அம்மாவின் முகம். எங்கள் இருவரையும், கூடத்தின் வாசலில் நிற்கும் காவலர் மீசையையும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. (மீசையை எடுத்து வெகுகாலம் ஆகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.) பத்தொன்பது வயதில் அம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த உருவங்களைச் செய்ய ஒரு சிற்பியை அமர்த்தியிருந்தார்கள். ஆறு தேசத்துப் பெண்களுக்கு அவர் எங்கே போவார்? தரை துடைத்துக்கொண்டிருந்த புதுப்பெண் கண்ணில் பட்டாள். "கொஞ்ச நேரம் படுத்திரும்மா, இதுவும் வேலைதான்" என்று மேற்பார்வையாளர் அனுப்பி வைத்தாராம். அதற்குப் பிறகு நடந்ததை அம்மா வாயால் கேட்க வேண்டும். "மூக்குல ரெண்டு குழாயச் சொருகிட்டு மூஞ்சி பூரா மாவை அப்பிட்டாங்க. அது சூடேற ஆரம்பிச்சுது பாரு, சரிதான், நம்மள வச்சுப் பலகாரம் சுடப் போறாங்கன்னு நெனச்சேன்." இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கேட்டுக் கேட்டு எனக்கும் அது சிரிப்புக் கதையாகவே மனதில் தங்கிவிட்டது.

ஓர் அச்சு, ஆறு வார்ப்பு. முடியும் உடையும் வர்ணமும்தான் வேறு. ஆறு பேரும் ஒருத்திதான் என்று இத்தனை காலத்தில் பார்க்க வந்த ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நிறத்தைப் பார்த்து முடித்ததும் முகத்தையும் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. அதே முகம் எதிரிலேயே துடைப்பத்தோடு நின்றபோதும் யாருக்கும் உறைக்கவில்லை. அம்மாவும் சொல்லிக்கொள்ளவில்லை. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள்.

ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு காலையும் அம்மா அந்த முகங்களைத் துடைத்தாள். ஐந்து பேருக்கு உலர்ந்த துணியால் ஓர் இழுப்பு. பனிக்காரிக்கு மட்டும் ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி, பிறகு காதோரமாக விரலால் ஒரு தடவல். பார்வையாளர்கள் முதல் ஐந்து பேரையும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே நடந்து, பனிக்காரியிடம் வந்து நின்றுவிடுவார்கள். "என்ன அழகு" என்பார்கள். "மூக்கும் முழியுமா எப்படி இருக்கா பாரு" என்பார்கள். தரையைத் துடைத்தபடி அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். பள்ளியிலோ தெருவிலோ கல்யாணப் பேச்சிலோ அந்த முகத்துக்கு ஒருவரும் கொடுக்காத சொல் அது.

பள்ளி விட்டதும் நான் அங்கே போய் அம்மாவுக்காகக் காத்திருப்பேன். என்னைப் பனிக்காரி முன்னால் நிறுத்தி, "நான் வெள்ளையாப் பொறந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பேன், பாத்துக்கோ" என்பாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் முகத்தையும் பனிக்காரியின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ம்," என்று ஒரு பெருமூச்சு. நான் அம்மாவைவிட ஒரு பிடி கறுப்பு. அக்காவோடும் தங்கையோடும் ஒப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட பிள்ளைகள் ஊரில் எத்தனையோ பேர். எனக்கு வாய்த்தது ஒரு பொம்மை. எட்டாம் வகுப்பு வரை என் மூஞ்சியில் அம்மா தேய்க்காத களிம்பு இல்லை. அதனால் எனக்குப் பனிக்காரியைப் பிடிக்காது. இனம், அடையாளம், பார்வையின் அரசியல் என்றெல்லாம் விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். எழுதியது அத்தனையும் நிஜம்தான். அடியில் இந்தக் கோபமும் கிடந்தது, அதுவும் நிஜம்தான்.

அருங்காட்சியகத்தின் இயக்குநர் என்னைவிட இளையவர். எதற்கும் "உரையாடல்" என்பார். கூடத்தை மூடுவது ஓர் உரையாடல், என் நிகழ்ச்சி ஓர் உரையாடல், பூச்சைப் பற்றிய நிபந்தனைகளும் ஓர் உரையாடல். நல்ல பெண். என் பெயின்டை மேசைமேல் வைத்ததும் பழம்பொருள் பராமரிப்புப் பிரிவு ஊழியரை அழைத்துச் சோதிக்கச் சொன்னார். அவர், அந்த உருவங்களை வார்த்த அதே வகைச் சுண்ணாம்புக் கட்டி ஒன்றில் பூசி, காயவைத்து, பச்சைத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காட்டினார். பொட்டுக்கூட மிச்சமில்லாமல் போய்விட்டது. அப்படிப் போகும்படிதான் நான் கலந்திருந்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் இயக்குநர். "உருவங்கள் எங்க சேகரிப்புல இருக்கிற பொருள். அதை மூடி வைக்கப்போறோம்கிறது வேற, அதுக்கு ஏதாவது ஆகிறதுங்கிறது வேற. மறுநாள் காலையில எல்லாத்தையும் கழுவிடுவோம்."

"கழுவிடுங்க மேடம்."

"இந்த நிறம் யாரோடது? யாரையாவது வச்சு எடுத்தீங்களா?"

"எங்கம்மாவோடது."

"ரொம்ப நெகிழ்ச்சியா இருக்கு," என்றார். அம்மா இந்தக் கட்டடத்தைத்தான் வாழ்நாள் முழுக்கத் துடைத்தாள் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் தூரிகைகளைக் கழுவி வரிசையாக உலர வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அன்று முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ஒரே ஒரு நாளும்மா," என்றேன் நானாகவே. "மறுநாள் கழுவிடுவாங்க. அவ பழையபடி வெள்ளையாயிடுவா."

"ஒரு நாள்னாலும் நாள்தான்."

"உன் கலரத்தானே பூசப்போறேன். உன் கலர்ல அவ அழகா இருக்க மாட்டாளா?"

அம்மா கைத்துண்டால் ஏற்கெனவே உலர்ந்திருந்த கையைத் துடைத்துக்கொண்டாள். "அவளப் பாத்து அழகுன்னு சொன்னப்ப எல்லாம் என்னத்தான் சொன்னாங்க. அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல? நாள் பூரா குனிஞ்சு துடைச்சுட்டு, அத ஒண்ணக் கேட்டுட்டு வீட்டுக்கு வருவேன். நீ அவளுக்கு என் கலரப் பூசினா ஒருத்தரும் நின்னு பாக்க மாட்டாங்கடி. மத்த அஞ்சு பேரும் நானில்லையா? அவங்க முன்னாடி யாராவது நின்னாங்களா?"

விண்ணப்பத்தில் மூன்று பக்கம் எழுதியும் இந்த இடத்துக்கு நான் வந்து சேரவில்லை. ஆனால் அவள் சொல்வது நியாயம் என்று தெரிவது வேறு, மனசு மாறுவது வேறு. அவள் சொல்லச் சொல்ல எனக்கு இதைச் செய்தே ஆகவேண்டும் என்று இன்னும் இறுகிப்போனது.

"நாளைக்கு நிப்பாங்க. நான் நிக்க வைக்கிறேன்."

"நான் வரமாட்டேன்."

"வராத."

பிடிவாதம் எங்கள் வீட்டில் தாய்வழிச் சொத்து. அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் தூரிகைகளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன்.

மறுநாள் கூடத்தின் கண்ணாடித் தடுப்புகளை எடுத்துவிட்டிருந்தார்கள். தடுப்பில்லாமல் பார்த்தபோது ஆறு பேரும் சற்றுக் குள்ளமாகத் தெரிந்தார்கள். கலைஞர் மூடும் நேரம் வரை பேசமாட்டார், அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்று வாசலில் ஒரு பலகை. அதன் பக்கத்தில் மீசை. "பாப்பா, உங்கம்மா வரலையா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் பலகையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மலைக்காரியிலிருந்து தொடங்கினேன். நெற்றியில் முதல் பூச்சு. பிறகு கன்னம், தாடை, காதுமடல், மூக்கின் இரண்டு பக்கமும் உள்ள மடிப்பு. அம்மாவின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நிதானமாக நான் தொட்டதே இல்லை என்று அப்போது உறைத்தது. வீட்டில் அவள் காய்ச்சலில் கிடந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். தூரிகை மேலுதட்டின் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது எனக்குக் கை கூசியது. ஆட்கள் வந்தார்கள், கொஞ்சம் பார்த்தார்கள், போனார்கள். "எதுக்கு எல்லாரையும் கறுப்பாக்குறாங்க?" என்று ஒருவர் கேட்க, அவர் மனைவி, "கறுப்பெங்க, காப்பி கலர்," என்று திருத்தினார். ஒரு வயசாளி நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் தாண்டியதும் ஐந்து பேரை முடித்திருந்தேன். அதற்குள் கூடத்தின் ஓசை மாறிவிட்டது. வந்தவர்கள் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குத் திரும்பத் திரும்ப நடந்தார்கள். "எல்லாம் ஒரே ஜாடையா இருக்குல்ல," என்று யாரோ சொன்னார்கள். அம்மா இதைக் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு ஏணியை நகர்த்திப் பனிக்காரியின் முன் போட்டேன்.

"அட, இவளையுமா?" என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல், நிஜமான வருத்தத்தோடு. தூரிகையை நன்றாகத் தோய்த்து அவள் நெற்றியில் வைத்தேன். ரோஸ் நிற நெற்றியில் என் அம்மாவின் நிறம் ஒரு கோடாக விழுந்தது. அடுத்த கோடு. நெற்றி முடிந்து இடது கன்னம் பாதி வந்திருக்கும்போது வாசலில் மீசையின் குரல் கேட்டது. "அக்கா, உள்ள நிகழ்ச்சி நடக்குது, இப்ப போகக் கூடாது."

"தெரியும், நகரு."

மீசை நகர்ந்துவிட்டார். அம்மா வேலைக்குப் போட்டுப் போன பழைய நீல அங்கியில் இருந்தாள். கையில் ஆவி பறக்கும் வாளி, தோளில் துணி. கூட்டம் மரியாதையாக விலகி வழிவிட்டது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

அம்மா வாளியை வைத்தாள். துணியை முக்கிப் பிழிந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் பூசியிருந்த கன்னத்தை ஒரே இழுப்பில் துடைத்து எடுத்தாள்.

நான் ஏணிமேல் நின்றபடி அவளையே பார்த்தேன். பேச முடியாது.

"பேச மாட்டேல்ல? நல்லதாப் போச்சு," என்றாள் அம்மா. "நீ எதுத்துப் பேசாம நின்னது பொறந்ததுலேருந்து இன்னைக்குத்தான்."

கூட்டம் சிரித்தது. நான் தூரிகையைத் தோய்த்து அதே கன்னத்தில் மறுபடி பூசினேன். அம்மா மறுபடி துடைத்தாள். நான் நெற்றிக்குப் போனேன், அவள் நெற்றிக்கு வந்தாள். எட்டாத இடத்துக்கு ஏணியின் கீழ்ப்படியில் ஒரு காலை வைத்து ஏறிக்கொண்டாள். பெயின்ட் என் முழங்கை வழியாக வடிந்தது, வெந்நீர் அவள் முழங்கை வழியாக வடிந்தது. இயக்குநர் ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கதவு வரை ஆட்கள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்தார், நின்றுவிட்டார். "அற்புதம்," என்று பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தூரிகையைக் கீழே போட்டு, வாயைத் திறந்து, "போதும்மா, வீட்டுக்குப் போ" என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். சொன்னால் தோற்றுவிடுவேன். அம்மாவும் அதே கணக்கில்தான் இருந்தாள் என்பது அவள் பல்லைக் கடித்திருந்த விதத்தில் தெரிந்தது. தோள் வலிக்க வலிக்கப் பூசினேன்.

"அந்த அம்மாவப் பாருங்க," என்றார் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வயசாளி. உரக்கச் சொல்லவில்லை. "பொம்மையப் பாருங்க. அந்த அம்மாவப் பாருங்க."

ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். இயக்குநர் அம்மாவைப் பார்த்தார். பனிக்காரியைப் பார்த்தார். திரும்பி, அம்மாவின் நிறத்தில் வரிசையாக நின்ற ஐந்து பேரையும் பார்த்தார். பிறகு என்னை. அம்மாவின் கழுத்து விறைத்தது. இத்தனை காலமும் பொத்தி வைத்திருந்தது நடுக்கூடத்தில் கொட்டிவிட்டது, அதுவும் பனிக்காரியைக் காப்பாற்ற அவளே வந்து நின்றதால். இப்போது போட்டுவிட்டு ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. துணியை முக்கினாள், பிழிந்தாள், துடைத்தாள். அவள் கை நின்றது அதற்கடுத்த தடவைதான்.

துணியில் ரோஸ் நிறம் இருந்தது.

என் பெயின்டில் ரோஸ் கிடையாது. ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது; பெயின்ட் விற்பதுதானே என் தொழில். அந்தக் காலத்துச் சிற்பி பசை கலந்த மலிவான வர்ணத்தைப் பூசி, மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார். வார்னிஷ் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. மற்ற ஐந்து பேருக்கும் அது அப்படியே இருக்கிறது. பனிக்காரிக்கு இல்லை. தினமும் ஈரத்துணியும் உலர்ந்த துணியுமாகச் செல்லம் கொடுத்துச் செல்லம் கொடுத்து அம்மாவே அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டிருந்தாள். இப்போது வெந்நீர் நேராக வர்ணத்தில் இறங்கிவிட்டது. என் பெயின்டை அத்தனை அக்கறையாகச் சோதித்தவர்கள் தங்களுடையதைச் சோதிக்கவில்லை. கன்னத்தில் ஒரு கை அகலத்துக்கு வெறும் சுண்ணாம்பு தெரிந்தது.

"போச்சு," என்றாள் அம்மா, எனக்கு மட்டும் கேட்கும் குரலில்.

"தயவுசெஞ்சு நிறுத்துங்க," என்று இயக்குநர் முன்னால் வந்தார். நான் தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டு, பொறுங்கள் என்று அவருக்குக் கையைக் காட்டினேன். அவர் நின்றார். அம்மா அழவில்லை. பனிக்காரியின் முகத்துக்கு மிகக் கிட்டத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெந்நீர் வழிந்து அந்தப் பெண்ணின் இடது கண்ணில் பாதி கரைந்திருந்தது. நீலக் கருவிழி கலங்கி ஒழுகிய இடத்தில், அடியில், குழி இல்லை. மூடிய இமை இருந்தது.

அம்மா துணியை வாளியில் முக்கினாள். பிழியாமலே எடுத்தாள். இந்த முறை இழுத்துத் துடைக்கவில்லை, ஒற்றி ஒற்றி எடுத்தாள். கண்ணின் வெள்ளை போனது, தீட்டிய இமைமயிர் போனது. அடுத்த கண். கன்னச் சிவப்பு. உதட்டில் சிற்பி வரைந்து வைத்திருந்த மெல்லிய சிரிப்பு சாயமாக வழிந்து தாடையில் இறங்கியது. நான் ஏணியிலிருந்து இறங்கி வாளியைத் தூக்கி அவள் கைக்கு எட்டும் உயரத்தில் பிடித்துக்கொண்டேன். ஒருவரும் தடுக்கவில்லை.

வர்ணம் முழுக்கப் போனபோது அங்கே இருந்தது அழகான பெண் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். புருவம் இரண்டும் நெரிந்து நடுவில் ஆழமாக ஒரு கோடு. உதடுகளை உள்ளே மடித்து, தாடையைக் கெட்டியாகக் கடித்து, இன்னும் எத்தனை நேரம், மூச்சு நிற்காமல் இருக்குமா என்று படுத்துக் கிடக்கிற முகம். வர்ணம் அத்தனையையும் மெழுகி மூடியிருந்தது. அம்மா சொல்லும் பலகாரக் கதையில் இந்தப் பெண் ஒருமுறைகூட வந்ததில்லை.

"இவ்ளோவா பயந்தேன்?" என்றாள் அம்மா. என்னிடம்தான் கேட்டாள். நான் வாளியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். என் கண்ணிலிருந்து வடிந்ததைத் துடைக்கக் கை காலியாக இல்லை.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். வெறும் கட்டைவிரலால் அந்தப் பெண்ணின் நெரிந்த புருவத்தின் நடுவில், கோட்டின் மேல், மேலிருந்து கீழாக நீவினாள். சுண்ணாம்பு நீவ நீவ இளகிவிடும் என்பதுபோல நீவிக்கொண்டே இருந்தாள்.

"அவ்ளோதான்," என்று அவளிடம் சொன்னாள். "மாவ எடுத்துட்டாங்க. மூச்சு விடு."

ஈரமான தாடையிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.